நடுக்கடலில் 25 மணி நேரம்: அட்லாண்டிக் கப்பல் பயணத்தில் ஒரு நாளை நிதானமாகக் கழிக்க

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மாலையில் கிளம்பும் ‘குவீன் மேரி 2’ கப்பல், ஏழு இரவு கழித்து எட்டாம் நாள் விடியலில் நியூயார்க் போய்ச் சேரும். நடுவில் ஆறு முழு நாட்கள். துறைமுகம் எதிலும் நிற்காது. கரை கண்ணில் படாது. முதல் முறை போகிறவர்களுக்கு இந்த ஆறு நாட்களை எப்படிக் கழிப்பது என்ற கவலை புறப்படுமுன்பே வந்துவிடுகிறது. அந்தக் கவலையில் எல்லா நிகழ்ச்சிக்கும் ஓடுகிறார்கள். மூன்றாம் நாள் கால் வலிக்கிறது, நான்காம் நாள் கடலையே சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. இந்தக் குறிப்பு அந்த ஓட்டத்தைத் தவிர்ப்பதற்காக.

மேற்கு நோக்கிய இந்தப் பயணத்தில் ஒரு தனி வசதி உண்டு. லண்டன் நேரத்துக்கும் நியூயார்க் நேரத்துக்கும் ஐந்து மணி வித்தியாசம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 73 பாகை மேற்கே இருக்கிறது. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த ஐந்து மணியையும் கப்பலில் ஒரேயடியாகத் தருவதில்லை. ஐந்து இரவுகளில் இரவுக்கு ஒரு மணி வீதம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். ஆக ஐந்து நாட்கள் 25 மணி நேரம் கொண்டவை. விமானத்தில் போய் இரண்டு நாள் தலை சுற்றுவதற்குப் பதிலாக உடம்பு மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது. கிழக்கு நோக்கித் திரும்பும் பயணத்தில் இதுவே தலைகீழ்: ஐந்து நாட்கள் 23 மணி நேரம்தான். அப்போது பகல் 12 மணி ஆனதும் 1 என்று மாற்றிவிடுவது வழக்கம். முதல் முறை போகிறவர்களுக்குத் தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் மேற்குத் திசையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முந்தின இரவு

நல்ல கடல்நாள் முந்தின இரவே தொடங்கிவிடும். மறுநாள் நிகழ்ச்சி நிரல் மாலையில் கைக்கு வந்துவிடும். சொற்பொழிவு, இசை, நடன வகுப்பு, சீட்டாட்டம், கோளரங்கம் என்று பக்கம் நிறைய இருக்கும். பேனாவை எடுத்து இரண்டே இரண்டை மட்டும் வட்டமிடுங்கள்: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றாவது வேண்டாம். காரணம் எளிது. கப்பலின் நீளம் 345 மீட்டர். முன்கோடியிலிருந்து பின்கோடிக்கு நடந்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, தளம் மாறிப் போக ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஆகும். ஒரு நிகழ்ச்சி 45 நிமிடம் என்றால், இடம் பிடிக்க முன்கூட்டியே போவதையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் கரைந்துவிடும். இப்படி ஐந்து என்றால் பகலே போய்விட்டது.

கைபேசியில் இரண்டு வேலை. ஒன்று, விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் இயக்குங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த செல்பேசி வலையமைப்பு வேலை செய்யும். உங்கள் போன் தானாக அதில் ஒட்டிக்கொண்டால் ரோமிங் கட்டணம் ஊருக்குத் திரும்பிய பிறகு பில்லில் வந்து நிற்கும். இரண்டு, தானாக நேரம் மாற்றிக்கொள்ளும் அமைப்பை அணைத்துவிட்டு, கையால் ஒரு மணி பின்னால் வையுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் மறுநாள் காலை ஆறு மணி என்று நினைத்து ஐந்து மணிக்கு உணவுக்கூட வாசலில் போய் நிற்பார்கள். அலாரத்துக்குப் பழைய கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை என்று மணிக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள் 25 மணி நேர நாளை எப்படிச் சமாளிப்பது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தள்ளுவது பெரும்பாலான மருந்துகளுக்கு ஒன்றும் செய்யாது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்கு அஞ்ச வேண்டுமா

குமட்டல் வந்த நாளில் நிதானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடுவோம்.

கப்பல் இரண்டு விதமாக ஆடும். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஆடுவது. இன்னொன்று முன்பக்கம் ஏறி இறங்க, பின்பக்கம் இறங்கி ஏறும் ஆட்டம். கப்பலின் அடிவயிற்றில் இருபுறமும் நீருக்குள் நீட்டும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருக்கின்றன. அவை முதல் வகை ஆட்டத்தைத்தான் குறைக்கும். இரண்டாவதை ஒன்றும் செய்ய முடியாது. மேற்கே போகும்போது அட்லாண்டிக்கில் பெரும்பாலும் எதிர்க்காற்றுதான், நம் கடற்கரை ஊர்களில் கச்சான் என்று சொல்வார்களே அந்த மேல்காற்று. அலை முன்னாலிருந்து வருவதால் இரண்டாவது வகை ஆட்டமே அதிகம். சிறுவர்கள் ஆடும் சீசா பலகையைப் போல நடுவில் ஆட்டம் குறைவு, கோடிகளில் அதிகம். ஆகவே அறையைப் பதிவு செய்யும்போதே கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் கேளுங்கள். 4, 5, 6ஆம் தளங்களில் கப்பலின் எஃகுச் சுவரிலேயே வெட்டிவிட்ட திறப்புள்ள பால்கனிகள் இருக்கின்றன. உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்க முடியாது, எழுந்து நிற்க வேண்டும். ஆனால் காற்று அடிக்காது. அட்லாண்டிக்குக்கு மேல்தளத்துக் கண்ணாடி பால்கனிகளைவிட இவை பொருத்தமானவை.

இன்னொரு ஆறுதல்: இந்தக் கப்பல் தீவு தீவாக நின்று போகும் உல்லாசக் கப்பலாகக் கட்டப்பட்டதில்லை. 2004இல் சேவைக்கு வந்த இது, பெருங்கடலைக் குறுக்கே கடப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. நீண்ட கூர்மையான அணியம் (கப்பலின் முன்மூக்கு), சுமார் 10 மீட்டர் ஆழத்துக்கு நீரில் அமிழ்ந்திருக்கும் உடல், தேவைப்பட்டால் வேகத்தைக் கூட்டிப் புயலைச் சுற்றிப் போகும் வலு, எல்லாம் அதற்காகத்தான்.

மாத்திரை விஷயத்தில் நேரமே முக்கியம். குமட்டல் ஆரம்பித்த பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. தங்கினாலும் வேலை செய்யத் தாமதமாகும். மறுநாள் கடல் கொந்தளிப்பு என்று கேப்டன் அறிவித்தால் அன்று இரவே போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் அவோமின் தூக்கம் வரவழைக்கும், அதனால் இரவுக்கு ஏற்றது. மெக்லிசின் 25 மில்லிகிராம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்று போட்டால் பெரும்பாலும் நாள் முழுக்கத் தாங்கும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமின் பட்டை மூன்று நாள் வேலை செய்யும், ஆனால் வாய் வறளும், பார்வை சற்று மங்கும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்துவிடும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இவற்றில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. எதைப் போட்டாலும் அன்று மது வேண்டாம்.

மாத்திரை இல்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. உள்காது ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ அசையாத அறைச் சுவரைப் பார்க்கிறது. இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டல். எனவே கண்ணுக்கு அசைவைக் காட்டுங்கள்: 7ஆம் தளத்தின் நடுப்பகுதிக்குப் போய் தொடுவானத்தைப் பார்த்து நில்லுங்கள். புத்தகத்தையும் போனையும் மூடிவிடுங்கள். வெறும் வயிறு நிலைமையை மோசமாக்கும்; காய்ந்த பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சி மிட்டாய் என்று சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். சுக்குப் பொடியை ஒரு சின்ன டப்பாவில் கொண்டு போனால் அறையிலிருக்கும் கெட்டிலில் வெந்நீர் போட்டுக் கலந்து குடித்துக்கொள்ளலாம். பால், காபி, எண்ணெய்ப் பண்டம் மூன்றையும் அன்று ஒதுக்குங்கள். எதுவும் நிற்கவில்லை என்றால் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வதுதான் வழி. கண் மூடினாலே முரண்பாடு பாதி குறைந்துவிடும். கப்பல் மருத்துவமனையில் ஊசி போடுவார்கள், அதற்குக் கட்டணம் உண்டு. பயணக் காப்பீட்டுத் தாளின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

காலை நடை

7ஆம் தளத்தில் கப்பலை முழுதாகச் சுற்றிவர மரப்பலகை பதித்த நடைபாதை இருக்கிறது. மூன்று சுற்று 1.1 மைல், அதாவது ஒரு சுற்று ஏறக்குறைய 590 மீட்டர். ஐந்து சுற்று நடந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலை ஏழு மணிக்கு முன் போனால் பாதை காலியாக இருக்கும். கடிகாரம் பின்னால் போனதால் உடம்பு தானாகவே சீக்கிரம் விழித்துக்கொள்ளும், அந்தக் கூடுதல் மணி நேரத்தை இங்கே செலவிடுங்கள் என்பதே நாங்கள் அழுத்திச் சொல்வது. நாள் முழுவதிலும் கடலோடு தனியே இருக்கக் கிடைக்கும் நேரம் இது ஒன்றுதான்.

காற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உடுத்துங்கள். கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போகிறது, எதிர்க்காற்றும் 20 நாட் என்றால் தளத்தில் நிற்பவர் மீது 40 நாட் அடிக்கும். மணிக்கு 74 கிலோமீட்டர். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் தளத்தில் இலை அசையாது. அதனால் வானிலைத் திரையில் வெறும் காற்று வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். திசையையும் சேர்த்துப் பாருங்கள். ஜூன் மாதத்தில்கூட கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்குத் தெற்கே வரும்போது வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லாய், வழுக்காத காலணி வேண்டும். துப்பட்டாவும் சால்வையும் கம்பியோரம் பறந்து சிக்கும். முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். வெளித்தளக் கதவுகள் கனமானவை; காற்று அவற்றை அறைந்து சாத்தும். கைப்பிடியைத் தவிர கதவின் ஓரத்தில் விரல் வைக்கவே கூடாது. காற்று மிகுந்தால் வெளித்தளத்தைக் கயிறு கட்டி மூடிவிடுவார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

நாற்காலி எங்கே போடுவது

சாய்வு நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா கிடப்பது அட்லாண்டிக் பயணத்தின் பழைய வழக்கம். இடம் தெரியாமல் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் குளிர் எழுப்பிவிடும்.

மேற்கே போகும் கப்பலில் இடப்பக்கம் தெற்கு. இந்த அட்சக்கோட்டில் சூரியன் எப்போதும் தெற்கில் சாய்ந்தே போகும். ஆகவே காலையில் வெயில் கப்பலின் பின்புறம் விழும், நண்பகல் முதல் இடப்பக்கம் வரும், மாலையில் முன்னால் போகும். பின்புறத்தில் படிப்படியாக இறங்கும் திறந்த தளங்கள் இருக்கின்றன. 8ஆம் தளத்து நீச்சல்குளம் அங்கேதான். எதிர்க்காற்று இருந்தாலும் கப்பலின் உடலே அதைத் தடுத்துவிடும். எனவே காலை பின்புறம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 7ஆம் தளத்து இடப்பக்கம், சூரியன் மறையும்போது 11ஆம் தளத்தின் முன்முகப்பு. கிழக்கே திரும்பி வரும் பயணத்தில் வெயில் வலப்பக்கம்.

காற்று தென்மேற்கிலிருந்து வந்தால் வெயில் பக்கமும் காற்றுப் பக்கமும் ஒன்றாகிவிடும். அந்த நாளில் சுவர் உள்வாங்கிய இடங்களைத் தேடுங்கள், அல்லது வலப்பக்கம் நிழலில் இரட்டைப் போர்வையோடு உட்காருங்கள். துண்டை விரித்து இடம் பிடித்துவிட்டு மணிக்கணக்கில் காணாமல் போகாதீர்கள். வெயில் இடங்கள் குறைவு, பயணிகளோ 2,600க்கும் மேல்.

நண்பகல் மணி

பகல் 12க்குக் கப்பலின் ஊதல் ஒலிக்கும். பிறகு கட்டுப்பாட்டு மேடையிலிருந்து அறிவிப்பு வரும்: அட்சரேகை, தீர்க்கரேகை, புறப்பட்ட இடத்திலிருந்து வந்த தூரம், காற்று, கடலின் நிலை, வெப்பம். பலர் சூப்பைக் குடித்தபடியே இதைக் காதில் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், குழந்தைகள் இருந்தால் அவர்களிடமே பொறுப்பைக் கொடுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வட அட்லாண்டிக் வரைபடம் ஒன்றை அச்சிட்டு எடுத்துப்போனால் தினமும் ஒரு புள்ளி வைக்கலாம்.

நேற்றைய நண்பகலிலிருந்து இன்றைய நண்பகல் வரை வந்த தூரம் 500 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். 24ஆல் வகுத்தால் தவறு. இரவில் ஒரு மணி கூடியிருக்கிறது. 25ஆல் வகுக்க வேண்டும்: 20 நாட். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், ஆகவே மணிக்கு 37 கிலோமீட்டர். தீர்க்கரேகை மேற்கே 30 பாகையைத் தொடும் நாளில் உங்களுக்குக் கீழே அட்லாண்டிக்கின் நடுமலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. 50 பாகையை நெருங்கும்போது, வழக்கமாக ஐந்தாம் அல்லது ஆறாம் நாள், 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய பகுதியின் அருகில் வருகிறீர்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான், 1914இல், பனிமலைகளைக் கண்காணிக்கப் பன்னாட்டு ரோந்து தொடங்கியது. வசந்தகாலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் பனி எல்லை தெற்கே இறங்குவதால் கப்பல் சற்றுத் தெற்கே வளைந்து போகும். உங்கள் வரைபடத்துப் புள்ளிகளிலேயே அந்த வளைவு தெரியும்.

சாப்பாடு

சைவக்காரர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆங்கிலேயர் உணவு அட்டையில் சைவம் என்ற குறி இருந்தால் முட்டையும் பாலாடைக்கட்டியும் அதில் அடக்கம். குழம்பு போன்ற சாஸ்களில் வுஸ்டர்ஷர் சாஸ் சேர்த்திருந்தால் அதில் நெத்திலி உண்டு. குலுங்கும் இனிப்புகளிலும் மூஸிலும் ஜெலட்டின் இருக்கலாம். காய்கறி சூப்பின் அடிச்சாறு கோழி எலும்பில் கொதித்ததாக இருக்கலாம். பார்மசான் கட்டியில் கன்றின் வயிற்று நொதி இருக்கும். எனவே ‘சைவம்’ என்று மட்டும் சொல்லாமல், முட்டை, மீன், இறைச்சிச் சாறு, ஜெலட்டின் வேண்டாம் என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள். முதல் இரவே தலைமைப் பரிமாறுநரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுநாள் அட்டையை முந்தின மாலையே கேட்டு வாங்கிக் குறித்துக் கொடுங்கள். பருப்பு, சாதம், காய்கறிக் கறி வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். சாப்பிட உட்கார்ந்த பிறகு கேட்டால் சமையலறையால் முடியாது. தயிர்சாதம் இல்லாமல் முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது: காலை உணவில் இனிப்பில்லாத தயிர் கிடைக்கும், வெறும் சாதத்தைக் கேட்டால் கொடுப்பார்கள். சிறிய ஊறுகாய்ப் பொட்டலங்களை மூடிய உறையோடு கொண்டு போங்கள், நியூயார்க் சுங்கத்துக்கு முன் தீர்த்துவிடுங்கள். மின்குக்கர், மின்னடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதுவும் அறைக்குள் அனுமதி இல்லை. ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கடல்நாளில் 7ஆம் தளத்துப் பொது உணவுக்கூடம் ஒன்பது முதல் பத்து மணி வரை நெரியும். ஒன்று அதற்கு முன்பே போங்கள், இல்லையென்றால் பரிமாறும் பெரிய உணவகத்துக்குப் போங்கள். அங்கே உட்கார்ந்து, காபியை இரண்டாம் முறை வாங்கிக் குடித்துவிட்டு எழலாம். கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டைத் தொட வேண்டும். கப்பலில் பரவும் வாந்திபேதிக்குப் பெரும்பாலும் நோரோ வைரஸ் காரணம். வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல்லால் மட்டும் அது சாகாது. அது வந்துவிட்டால் அறையிலேயே தனித்திருக்கச் சொல்வார்கள், பயணத்தின் பாதி போய்விடும்.

மாலைத் தேநீர் 3.30 மணிக்கு, 3ஆம் தளத்து நடன மண்டபத்தில். வெள்ளைக் கையுறை அணிந்தவர்கள் சின்ன சாண்ட்விச்சுகளையும் ஸ்கோன் ரொட்டியையும் தட்டுத் தட்டாகக் கொண்டு வருவார்கள், இசையும் இருக்கும். 3.15க்கு வரிசையில் நின்றால் இடம் கிடைக்கும். ஒரு தடவையாவது போக வேண்டியது இது. ஆனால் தினமும் போனால் இரவுச் சாப்பாட்டுக்கு வயிறு இருக்காது.

புத்தகம், பறவை, மூடுபனி

8ஆம் தளத்தின் முன்பகுதியில் இருக்கும் நூலகத்தில் சுமார் 10,000 புத்தகங்கள் இருக்கின்றன. கடலைப் பார்த்த சாய்வு இருக்கைகள் சிலவே. காலைச் சாப்பாடு முடிந்ததும் நிறைந்துவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனால் காலியாக இருக்கும். புத்தகத்தை முதல் நாளிலேயே எடுத்துவிடுங்கள், நல்லவை சீக்கிரம் போய்விடும். தமிழ்ப் புத்தகத்துக்கு உங்கள் பையை நம்புங்கள்: ஆறு நாளைக்கு ஒரு தடித்த நாவலும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் போதும். முன்பகுதி என்பதால் கடல் கொந்தளிக்கும் நாளில் நூலகமும் நன்றாக ஏறி இறங்கும். அன்று படிக்க வேண்டுமென்றால் நடுப்பகுதியில் ஒரு மூலையைப் பிடியுங்கள்.

உங்கள் இரண்டு வட்டங்களில் ஒன்று கோளரங்கமாக இருக்கட்டும். 3ஆம் தளத்தில், கவிகை மாடத்துக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாடத்துக்கு நேர்கீழே உள்ள இருக்கைகள்தான் சரியானவை. அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

திமிங்கிலமும் ஓங்கிலும் (டால்பின்) பார்க்க வேண்டுமென்றால் வெயில் பக்கம் நிற்காதீர்கள், நீரின் பளபளப்பில் ஒன்றும் தெரியாது. மேற்கே போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள். தொலைநோக்கி 8 மடங்குக்கு மேல் வேண்டாம்; 10, 12 என்று போனால் கப்பலின் அதிர்வில் படம் நடுங்கும். முதலில் வெறும் கண்ணால் தொடுவானத்துக்குக் கீழே மெதுவாக மேய்ந்து வாருங்கள். நீராவி போல ஒரு வெண்புகை எழுந்து கலைந்தால் அதுதான் திமிங்கிலத்தின் மூச்சு, அந்த இடத்துக்குச் சற்று முன்னால் தொலைநோக்கியை வையுங்கள். அரை மணி நேரம் எதுவும் வராமல் போகலாம், அப்படியே நில்லுங்கள். நியூஃபவுண்ட்லாந்தின் கிராண்ட் பேங்க்ஸ் திட்டுகளை ஒட்டி மீன் மிகுதி என்பதால் அந்த நாட்களில் வாய்ப்பு கூடும். சிறகை அடிக்காமல் விறைப்பாக வைத்தபடி கப்பலோடு கூடவே மிதந்து வரும் சாம்பல் வெள்ளைப் பறவை ஃபுல்மார். நடுக்கடலிலும் அது துணை வரும்.

அதே பகுதியில்தான் மூடுபனியும். தெற்கிலிருந்து வரும் வளைகுடா நீரோட்டத்தின் மேலிருக்கும் ஈரக்காற்று, வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டத்தின் மேல் வந்ததும் அப்படியே பனியாகிவிடும். சர்வதேசக் கடல் விதிப்படி, பார்வை மங்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் நீண்ட ஊதல் ஒன்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது நாள் முழுக்கவும் நீளலாம். ஆபத்து என்று பதற வேண்டாம். ராடார் வேலை செய்கிறது, ஊதல் மற்றவர்களுக்காக. இரவு தொடர்ந்தால் காதடைப்பான் கைகொடுக்கும், ஒரு ஜோடி தலைமாட்டில் இருக்கட்டும். பனி சூழ்ந்த நேரத்தில் ஒரு தடவையாவது வெளித்தளத்துக்குப் போய் நில்லுங்கள். கம்பிக்கு அப்பால் ஒன்றுமே இல்லாத வெண்மையில் அந்த ஊதலைக் கேட்பது வேறெங்கும் கிடைக்காது.

மாலையும் இரவும்

ஆறு மணிக்கு மேல் உடை விதி உண்டு. ஏழு இரவில் பொதுவாக இரண்டு சிறப்பு இரவுகள். ஆண்களுக்குக் கறுப்பு சூட், வில் டை என்று கேட்பார்கள். நாட்டு உடையும் ஏற்கப்படும். பட்டுப்புடவை எல்லா இரவுக்கும் பொருந்தும், ஆண்கள் பட்டு வேட்டியோ கழுத்து மூடிய கோட்டோ அணியலாம். ஆட்டம் உள்ள இரவில் உயரக் குதிகால் செருப்பு மட்டும் வேண்டாம். உடுத்த மனமில்லாத இரவில் 7ஆம் தளத்துப் பொது உணவுக்கூடத்தில் சாதாரண உடையிலேயே சாப்பிடலாம். ஆறு நாளில் ஒன்றிரண்டு மாலைகளை அப்படி விட்டுவிடுவது நல்லதுதான். துணி துவைக்கும் அறை பயணிகளுக்கு இலவசம். காலை பத்து மணிக்கு இயந்திரம் கிடைக்காது, எல்லோரும் இரவுச் சாப்பாட்டில் இருக்கும் நேரத்தில் கிடைக்கும்.

நட்சத்திரம் பார்க்க நிலவில்லாத இரவும், விளக்கு குறைந்த தளமும் வேண்டும். கப்பலின் முன்பகுதியை இருட்டாகவே வைத்திருப்பார்கள், கட்டுப்பாட்டு மேடையில் இருப்பவர்களின் இரவுப் பார்வை கெடாமல் இருக்க. முன்முகத்து அறைகளில் இரவில் திரையை இழுத்து மூடச் சொல்வதும் அதனால்தான். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் ஆகும், அதுவரை போன் திரையைத் திறக்காதீர்கள்.

படுக்கும் முன் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுங்கள். கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை இரவு விழித்திருந்து செலவழித்துவிடாதீர்கள். வழக்கமான நேரத்துக்கே படுத்தால்தான் விடியலில் நடைபாதை உங்களுக்குக் கிடைக்கும்.

கடைசிக் கடல்நாளுக்கு மட்டும் இந்த ஒழுங்கு மாறும். அன்று இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும், மறுநாள் உடுத்தும் உடை, மருந்து, கடவுச்சீட்டு மூன்றையும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு. நியூயார்க் துறைமுக வாயிலில் இருக்கும் வெரசானோ பாலத்தைக் கப்பல் இருட்டிலேயே கடந்துவிடும். அந்தப் பாலத்துக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதற்காகவே புகைபோக்கியின் உயரத்தைக் குறைத்துக் கட்டினார்கள். நேரத்தை முந்தின மாலை வரவேற்பு மேசையில் கேட்டு, அதற்கு அரை மணி முன்னதாக அலாரம் வைத்து, குல்லாயோடு மேல்தளத்துக்கு ஏறுங்கள். பாலம் கடந்ததும் இடப்பக்கம் நகர்ந்து நில்லுங்கள், சுதந்திர தேவி சிலை அந்தப் பக்கம்தான் வரும்.